அரமேயம் படிக்கப் போகிறீர்களா? முதலில் ஒரு பிரதியைத் தேர்ந்தெடுங்கள்

கேள்வி: மொழியியல் முதுகலையில் கடைசிப் பருவத்தில் இருக்கிறேன். அடுத்து அரமேயத்தில் முனைவர் பட்டம் செய்ய ஆசை. அதற்கு முன்னால் இரண்டு வருடம் கையில் இருக்கிறது. அதற்குள் எபிரேயம், விவிலிய அரமேயம், சுரியானி, அரபு, அக்காடியம், உகாரிட்டிக், கீயஸ் என்று ஏழு மொழிகளையும் முடித்துவிடக் கால அட்டவணை போட்டிருக்கிறேன். இந்த வரிசை சரிதானா? எனக்கு இறையியல் பின்னணி கிடையாது, அது தடையாகுமா? ‘அப்பா’ என்ற சொல் அரமேயத்திலும் அப்படியே இருக்கிறதே, தமிழுக்கும் அரமேயத்துக்கும் உள்ள உறவையே ஆய்வுத் தலைப்பாக எடுக்கலாமா? ‘செத்துப்போன மொழியைப் படித்து என்ன செய்யப் போகிறாய்’ என்று வீட்டில் கேட்கிறார்கள். பதில் சொல்லத் தெரியவில்லை.

பதில்: உங்கள் கால அட்டவணையை எதிரில் வைத்துக்கொண்டுதான் இதை எழுதுகிறேன். ஏழு மொழி, ஒவ்வொன்றுக்கும் மூன்றரை மாதம், நடுவில் ஒரு வாரம்கூட ஓய்வில்லை. உங்களிடம் ஆசையும் உழைப்பும் நிறைய இருக்கின்றன என்பது அதிலேயே தெரிகிறது. ஆனாலும் அதைக் கைவிடச் சொல்லித்தான் எழுதுகிறேன்.

என் முதல் வருடத்தில் நானும் இதையேதான் செய்தேன். ஒரே பருவத்தில் எபிரேயம், சுரியானி, அக்காடியம். மூன்றிலும் தேறிவிட்டேன். வருடக் கடைசியில் ஆசிரியர் ஒருவர் சுரியானிப் பக்கம் ஒன்றைக் கையில் கொடுத்து, ‘படியுங்கள்’ என்றார். வினைத் திரிபு வாய்பாடு முழுக்க எனக்கு மனப்பாடம். ஆனால் அந்தப் பக்கத்தின் முதல் வரியைத் தாண்ட அரை மணி நேரம் ஆனது. அடுத்த பருவம் முழுக்க அவர் என்னை ஒரே ஒரு பிரதியோடு உட்காரவைத்தார். ஒவ்வொரு சொல்லுக்கும் ‘ஏன் இந்த வடிவம்?’ என்று கேட்டார். நான் உண்மையில் மொழி படிக்கத் தொடங்கியது அந்தப் பருவத்தில்தான். உங்களுக்கு அந்த முதல் வருடம் வீணாக வேண்டாம் என்று நினைக்கிறேன்.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்வோம். ‘அரமேயம் படிக்கப் போகிறேன்’ என்பது இன்னும் முழுமையான முடிவு ஆகவில்லை. அரமேயம் என்பது ஏறத்தாழ 3000 ஆண்டுகளாக எழுதப்பட்டும் பேசப்பட்டும் வரும் ஒரு மொழிக் கூட்டம். கி.மு. 9ஆம் நூற்றாண்டில் சிரியாவின் சிற்றரசர்கள் கல்லில் வெட்டிய அரமேயம் ஒன்று. பாரசீகப் பேரரசு தன் நிர்வாகத்துக்கு எடுத்துக்கொண்ட அரமேயம் இன்னொன்று. அது எகிப்திலிருந்து ஆப்கானிஸ்தான்வரை போனது. 1958இல் காந்தஹாரில் கிடைத்த அசோகர் கல்வெட்டில் ஒரு பாதி கிரேக்கம், மறு பாதி அரமேயம். எதெஸ்ஸாவில் (இன்றைய துருக்கியின் உர்ஃபா) பிறந்து கிறித்தவ இலக்கியப் பெருங்கடலாக வளர்ந்தது சுரியானி. யூதர்களின் சட்ட விளக்கத் தொகுப்பான பாபிலோனியத் தல்மூதின் அரமேயம் வேறு, ஈராக் பக்கத்துச் சிறு சமயத்தினரான மாண்டேயர்களின் அரமேயம் வேறு, நபாத்தியரும் பால்மீராக்காரர்களும் எழுதியது வேறு. சங்கப் பாட்டு, நாலாயிரத் திவ்வியப் பிரபந்தம், இன்றைய பேச்சு மூன்றும் தமிழ்தான். ஆனால் மூன்றிலும் ஒருவரே வல்லுநர் ஆவது அரிது. அதே கதைதான் இங்கேயும்.

அதனால் ‘எந்த மொழி?’ என்று தொடங்காமல் ‘எந்தப் பிரதி?’ என்று தொடங்குங்கள். எதைப் படித்தால் இரவு தூக்கம் போகிறதோ அதைக் கண்டுபிடியுங்கள். தேவைப்படும் மொழிகளை அதுவே சொல்லும்.

எனக்குத் தூக்கம் போனது ஒரு மனுவைப் படித்தபோது. எகிப்தில், நைல் நதியில் எலிஃபன்டைன் என்று ஒரு தீவு. (மும்பைப் பக்கத்து எலிஃபன்டாவோடு குழப்பிக்கொள்ளாதீர்கள்.) பாரசீகர் காலத்தில் அங்கே யூதப் படைவீரர்களின் குடியிருப்பு இருந்தது; அவர்களுக்கு ஒரு கோயிலும் இருந்தது. கி.மு. 410இல் அந்தக் கோயில் இடிக்கப்பட்டது. 407இல், யூதேயாவின் ஆளுநர் பகோஹிக்கு அவர்கள் ஒரு கடிதம் எழுதுகிறார்கள். ‘எங்கள் ஆண்டவர் பகோஹிக்கு, உம் அடியார்கள்...’ என்று தொடங்கி, ‘வானத்தின் கடவுள் எங்கள் ஆண்டவரின் நலத்தை எக்காலமும் மிகுதியாக விசாரிப்பாராக’ என்று வாழ்த்தி, அப்புறம்தான் விஷயத்துக்கு வருகிறார்கள். கோயில் இடிந்த நாள் முதல் கோணி உடுத்தி நோன்பு இருக்கிறோம், எங்கள் மனைவியர் கைம்பெண்களைப் போல இருக்கிறார்கள், எண்ணெய் தேய்ப்பதில்லை, திராட்சைமது குடிப்பதில்லை என்று எழுதுகிறார்கள். மனு எழுதிப் பழகிய எந்தச் சமூகத்துக்கும் இந்த நடை உடனே புரியும். அந்தக் கடிதத்துக்கு இரண்டு படிகள் கிடைத்திருக்கின்றன. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், எழுதியவர்கள் எந்தச் சொல்லை மாற்றினார்கள், எங்கே இலக்கணத்தைத் திருத்தினார்கள் என்று தெரியும். சுமார் 2400 ஆண்டுகளுக்கு முன்னால் ஒருவர் தன் வாக்கியத்தைச் சரிபார்த்திருக்கிறார். அதைக் கண்ணால் பார்க்கிறோம். இந்தத் துறை எனக்குக் கொடுத்ததில் இதைவிடப் பெரிய சந்தோஷம் இல்லை.

சரி, ஒரே ஒரு வரியை எடுத்துக்கொண்டு வேலை எப்படி நடக்கிறது என்று காட்டுகிறேன். விவிலியத்தில் எரேமியா புத்தகம் முழுவதும் எபிரேயம். 10ஆம் அதிகாரம் 11ஆம் வசனம் மட்டும் திடீரென்று அரமேயம். ‘எலாஹய்யா தீ ஷ்மய்யா வ-அர்கா லா அவதூ, யேவதூ மே-அர்ஆ...’ என்று வரும். ‘வானத்தையும் பூமியையும் படைக்காத தெய்வங்கள் பூமியிலிருந்து அழிந்துபோகும்’ என்பது பொருள். இப்போது பாருங்கள். பூமி என்ற சொல் ஒரே வசனத்தில் இரண்டு தடவை வருகிறது. முதலில் ‘அர்கா’, அடுத்து ‘அர்ஆ’. இரண்டும் ஒரே சொல்தான். எபிரேயம், அரமேயம், அரபி எல்லாம் செமிட்டிக் என்ற ஒரே குடும்பம். ஆதியில் அந்த மொழிகளில் இருந்த ஒரு கடினமான மெய்யொலி எபிரேயத்தில் ‘ஸாதே’ என்ற எழுத்தின் ஒலி ஆனது. அதனால் அங்கே ‘எரெஸ்’. பழைய அரமேயத்தில் அதைக் ‘கோஃப்’ எழுத்தால் எழுதினார்கள். பின்னால் அது தொண்டையின் அடியிலிருந்து வரும் ‘அயின்’ ஆனது. மாற்றம் நடந்துகொண்டிருக்கும்போதே பிடிபட்ட வசனம் இது. எலிஃபன்டைன் ஆவணங்களிலும் இரண்டு எழுத்துமுறையும் வருகின்றன.

இதே வசனத்தில் இன்னொன்றும் இருக்கிறது. ‘அவதூ’ என்றால் செய்தார்கள். ‘யேவதூ’ என்றால் அழிவார்கள். முன்னதன் வேர் அயினில் தொடங்குகிறது, பின்னதன் வேர் ஆலெஃபில் தொடங்குகிறது. தமிழ்க் காதுக்கு இரண்டும் வெறும் உயிரொலி. அவர்கள் காதுக்கு முற்றிலும் வேறு. எழுதியவர் இரண்டையும் பக்கத்தில் வைத்து மோதவிட்டிருக்கிறார். மொழிபெயர்ப்பில் இது போய்விடும். உங்கள் முதல் ஆறு மாதத்தில் இந்தத் தொண்டை ஒலிகளை வாயால் சொல்லிப் பழகுங்கள். கண்ணால் மட்டும் படித்தவர்கள் இரண்டாவது வருடத்திலும் ஆலெஃபையும் அயினையும் மாற்றி மாற்றி எழுதுவதைப் பார்த்திருக்கிறேன்.

இந்த ஒலி மாற்றங்களைக் கண்டு பயப்பட வேண்டாம். தமிழில் பால், பல், பத்து என்றால் கன்னடத்தில் ஹாலு, ஹல்லு, ஹத்து என்பது உங்களுக்குத் தெரியும். ஒரு விதி தெரிந்தால் நூறு சொல் கைக்கு வரும். அப்படித்தான் இங்கேயும். எபிரேயத்தில் தங்கம் ‘ஸாஹாவ்’, அரமேயத்தில் ‘தஹவ்’. எபிரேயத்தில் காளை ‘ஷோர்’, அரமேயத்தில் ‘தோர்’. எபிரேயத்தில் மூன்று ‘ஷாலோஷ்’, அரமேயத்தில் ‘த்லாத்’. இப்படி நாலைந்து இணைகளை ஒரு தாளில் எழுதி மேசைக்கு மேலே ஒட்டிவையுங்கள். எபிரேயம் தெரிந்தவர் அரமேயத்துக்குள் நுழையும் வாசல் அதுதான்.

வேர்ச்சொல் முறையும் நீங்கள் நினைக்கும் அளவுக்கு அந்நியம் கிடையாது. தாசில்தார், மகசூல் என்ற இரண்டு சொல்லையும் தினமும் கேட்கிறோம். இரண்டும் அரபியிலிருந்து வந்தவை, ‘தஹ்ஸீல்’, ‘மஹ்ஸூல்’. ஹ், ஸ், ல் என்ற மூன்று மெய்யும் இரண்டிலும் அப்படியே இருக்கின்றன. முன்னொட்டும் உயிரும் மாறும்போது ‘வசூலித்தல்’, ‘விளைந்தது’ என்று பொருள் மாறுகிறது. எலிஃபன்டைன் மனுவில் ‘உம் அடியார்கள்’ என்ற இடத்தில் வரும் வேர், எரேமியா வசனத்தில் ‘செய்தார்கள்’ என்ற இடத்தில் வரும் வேர், அப்துல்லா என்ற பெயரின் முதல் பாதி மூன்றும் ஒன்றே: அயின், பேத் (ப், சில இடத்தில் வ்), தாலத் (த்). வேலை செய்பவன் ஊழியன், ஊழியன் அடியான். வேர் ஒன்று, பொருள் இப்படிக் கிளை விடுகிறது.

தொல்லை எங்கே என்றால், அகராதியில் வேரை வைத்துத்தான் தேட வேண்டும், வேரோ பல சமயம் மறைந்திருக்கும். சுரியானியில் ‘நெத்தேல்’ என்றால் கொடுப்பான். எழுத்தில் ந், த், ல் என்று மூன்று மெய்தான் தெரியும். வேர் அதுதான் என்று தோன்றும். உண்மையில் அங்கே நிற்கும் ‘ந்’ படர்க்கையைக் காட்டும் முன்னொட்டு. வேரின் சொந்த ‘ந்’ அடுத்த தகரத்தோடு கலந்து இரட்டித்துவிட்டது. போதாக்குறைக்கு இறந்தகாலத்தில் ‘கொடுத்தான்’ என்பதற்கு வேறே வேர். நன்னூல் புணர்ச்சி விதிகளைப் படித்திருந்தால் இதில் உங்களுக்கு ஒரு முன்னிலை உண்டு. எந்த எழுத்து எங்கே கெட்டது, எங்கே திரிந்தது என்று கேட்கும் பழக்கம் தமிழ் இலக்கணத்திலிருந்தே வந்துவிடுகிறது. மொழியியல் மாணவர் என்பதால் உங்களுக்கு இது இரட்டிப்பு லாபம்.

எழுத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஓலைச்சுவடியில் மெய்க்குப் புள்ளி இருக்காது, ரகரமும் துணைக்காலும் ஒரே மாதிரி இருக்கும், எகர ஏகாரம் பிரியாது. படிக்கிறவர் பொருளை வைத்துத்தான் பிரிப்பார். அரமேயச் சுவடிகளிலும் கல்வெட்டுகளிலும் இதே நிலைமை. உயிர்க்குறி பெரும்பாலும் கிடையாது. தாலத்தும் ரேஷும் (ர்) பழைய எழுத்தில் கிட்டத்தட்ட ஒன்று. சுரியானியில் கீழே புள்ளி வைத்தால் தாலத், மேலே வைத்தால் ரேஷ், அவ்வளவுதான் வித்தியாசம். இந்த ஒரு குழப்பத்தால் விவிலியத்தில் 2 இராஜாக்கள் 16:6இல் வருவது அராமியரா, ஏதோமியரா என்று எபிரேயப் பிரதியிலேயே எழுதியிருப்பது ஒன்று, வாசிக்கச் சொல்வது இன்னொன்று. ஒரு கோட்டு மூலையால் ஒரு நாடே மாறிப்போகிறது. அதனால் அச்சிட்ட பாடத்தை மட்டும் நம்பாமல், நீங்கள் படிக்கும் பிரதியின் புகைப்படத்தையும் தேடிப் பார்க்கும் பழக்கத்தை முதல் நாளிலிருந்தே வைத்துக்கொள்ளுங்கள்.

இப்போது உங்கள் ஏழு மொழிக்கு வருகிறேன். எலிஃபன்டைன், தானியேல், எஸ்றா போன்ற பாரசீகர் காலப் பக்கம் மனம் போகிறது என்றால் விவிலிய எபிரேயம் ஒரு முழு வருடம். அப்புறம் விவிலிய அரமேயம். விவிலிய அரமேயம் அளவில் சின்னது: தானியேல் 2:4இலிருந்து 7ஆம் அதிகாரம் முடிய, எஸ்றாவில் சில அதிகாரங்கள், நாம் பார்த்த அந்த ஒரு வசனம், ஆதியாகமம் 31:47இல் இரண்டு சொல். ஒரே பருவத்தில் எல்லாவற்றையும் ஒரு முறை படித்து முடித்துவிடலாம். முடித்த கையோடு பாப்பிரஸ் ஆவணங்களுக்குப் போங்கள்.

கிறித்தவ இலக்கியம், மொழிபெயர்ப்பு வரலாறு, கிரேக்கத் தத்துவம் அரபிக்குப் போன பாதை இவற்றில் ஆர்வம் என்றால் எபிரேயத்துக்காகக் காத்திருக்க வேண்டாம்; நேரே சுரியானியில் இறங்குங்கள். அரமேயக் கிளைகளில் மிகப் பெரிய இலக்கியம் உள்ளது அதில்தான். கவிதை, வரலாறு, மருத்துவம், உரை என்று எதை வேண்டுமானாலும் எடுக்கலாம். இன்னும் யாரும் பதிப்பிக்காத சுவடிகளும் நிறைய இருப்பதால் ஆய்வுத் தலைப்புக்குப் பஞ்சம் கிடையாது. கேரளத்தில் நூற்றாண்டுக் கணக்காக வழிபாட்டு மொழியாக இருந்ததால் அங்கேயும் சுரியானிச் சுவடிகள் இருக்கின்றன. கோட்டயத்தில் புனித எஃப்ரேம் பெயரிலான ஆய்வு நிலையம் இந்த மொழியையே பாடமாக நடத்துகிறது. எஸ்த்ராங்கேலா, செர்தோ, கிழக்கத்திய எழுத்து என்று மூன்று வடிவம் உண்டு. எஸ்த்ராங்கேலாவைக் கையால் எழுதிப் பழகுங்கள். மற்ற இரண்டும் தானாக வரும்.

அரபியை எப்படியும் படியுங்கள். ஆதி செமிட்டிக் மெய்யொலிகளை ஏறக்குறைய முழுமையாகக் காப்பாற்றி வைத்திருக்கும் மொழி அது. மேலே சொன்ன ஒலி மாற்றங்கள் எல்லாம் அரபி தெரிந்தால் விதியாகத் தெரியும், தெரியாவிட்டால் மனப்பாடமாகத்தான் இருக்கும். செவ்வியல் அரபி போதும். இதற்கு இரண்டாவது வருடத்தை ஒதுக்கலாம்.

பழைய பாபிலோனும் அசீரியாவும் எழுதிய அக்காடியத்தை இந்த இரண்டு வருடத்துக்குள் தொடாதீர்கள். மொழி கடினம் என்பதால் சொல்லவில்லை. ஆப்பெழுத்துக் குறிகள் நூற்றுக்கணக்கில் உண்டு. ஒரே குறிக்கு நாலைந்து ஒலிப்பு இருக்கும். அது உங்கள் முழு நாளையும் கேட்கும். கூட இன்னொரு மொழி படிக்க விடாது. முனைவர் படிப்பில் முதல் வருடத்தில் வகுப்பாகவே எடுங்கள், ஆசிரியர் பக்கத்தில் இருக்கும்போது. உகாரிட்டிக் அதற்கு நேர் எதிர். 1929இல் சிரியாவின் ராஸ் ஷம்ராவில் பலகைகள் கிடைத்தன, முப்பதே எழுத்து, அடுத்த ஆண்டே படித்துவிட்டார்கள், ஏனென்றால் அந்த மொழியின் உறவினர்கள் எல்லாரும் ஏற்கெனவே தெரிந்தவர்கள். எபிரேயம் உறுதியாக இருந்தால் ஒரு பருவத்தில் உள்ளே போய்விடலாம். எத்தியோப்பியாவின் பழைய மொழியான கீயஸ் உங்கள் தலைப்பு கேட்டால் மட்டும்.

இவற்றோடு ஜெர்மனும் பிரெஞ்சும். உங்கள் பட்டியலில் இரண்டுமே இல்லை. அதைப் பார்த்துத்தான் எனக்குக் கவலை வந்தது. ஜெர்மன் அறிஞர் நோல்டெக்கே 1880இல் எழுதிய சுரியானி இலக்கணத்துக்கு ஆங்கில மொழிபெயர்ப்பு உண்டு; ஆனால் அவர் காலம் முதல் இன்றுவரை இந்தத் துறையின் பெரும் பகுதி அந்த இரண்டு மொழிகளில்தான் எழுதப்பட்டிருக்கிறது. பேச வேண்டியதில்லை, கட்டுரையைப் படித்துப் புரிந்துகொண்டால் போதும். நல்ல துறைகள் பலவற்றில் இதற்கென்றே தனித் தேர்வு வைப்பார்கள். தினமும் அரை மணி நேரம் ஜெர்மனுக்கு ஒதுக்கினால் ஒன்றரை வருடத்தில் அந்தத் தேர்வைப் பற்றிக் கவலைப்பட வேண்டியிருக்காது.

தினசரி வேலை எப்படி இருக்க வேண்டும் என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன். காலையில் ஒரு பத்தி. முதலில் வாய்விட்டுப் படியுங்கள். அப்புறம் ஒரு நோட்டில் கையால் எழுதுங்கள், வரிக்கு வரி இடம் விட்டு. ஒவ்வொரு வினைக்கும் வேர், திரிபு, இடம், எண், பால் எழுதிய பிறகுதான் அகராதி. மொழிபெயர்ப்பைக் கடைசியில் பாருங்கள். அடுத்த நாள் புதுப் பத்தி தொடங்கும் முன்னால் முந்தின நாள் பத்தியை நோட்டைப் பார்க்காமல் படியுங்கள். என் மாணவர்களில் முன்னுக்கு வந்தவர்கள் எல்லாரும் இந்தக் கடைசி வேலையைச் செய்தவர்கள்.

அகராதிக்குச் செலவு செய்ய அவசரப்படாதீர்கள். அமெரிக்காவில் ஹீப்ரூ யூனியன் கல்லூரி நடத்தும் அரமேயப் பேரகராதி இணையத்தில் இலவசம். பழைய கிளைகளின் பிரதிகளும் அதில் உண்டு. எந்தச் சொல்லைத் தொட்டாலும் பகுப்பைக் காட்டிவிடும். அதனால்தான் எச்சரிக்கிறேன்: உங்கள் நோட்டில் விடை எழுதிய பிறகு சரிபார்க்க மட்டும் அதைத் திறங்கள். சுவடிப் படங்களுக்கு மினசோட்டாவிலுள்ள ஹில் அருங்காட்சியகச் சுவடி நூலகத்தின் இணையதளம் இருக்கிறது. சுரியானிச் சுவடி வாசிக்கப் பழக்கும் பாடங்களையும் அங்கேயே வைத்திருக்கிறார்கள். சிகாகோவின் அசீரிய அகராதி (அக்காடியத்துக்கான அகராதிதான்) 1921இல் தொடங்கி முடிக்கத் தொண்ணூறு வருடம் ஆனது. இன்று அதன் எல்லாத் தொகுதிகளையும் இலவசமாக இறக்கிக்கொள்ளலாம்.

‘அப்பா’ விஷயம். இதைக் கேட்டதற்கு வெட்கப்பட வேண்டாம். இந்தத் துறைக்கு வரும் தமிழ் மாணவர்கள் பலரும் இதைக் கேட்கிறார்கள். புதிய ஏற்பாட்டில் மாற்கு 14:36இலும், ரோமர், கலாத்தியர் நிருபங்களிலும் ‘அப்பா’ வருவது உண்மை. ஆனால் உள்ளே பிரித்துப் பாருங்கள். அரமேயத்தில் அடிச்சொல் ‘அப்’ (அக்காடியத்தில் ‘அபு’, அரபியில் ‘அப்’). கடைசியிலுள்ள ‘ஆ’ அரமேயப் பெயர்ச்சொற்களின் கடைசியில் ஒட்டும் சுட்டு. ‘மெலெக்’ அரசன், ‘மல்கா’ அந்த அரசன் என்பது மாதிரி. தமிழில் ‘அப்பன்’ என்ற சொல்லின் விளிதான் ‘அப்பா’. இரண்டு ‘ஆ’வும் வேறு வேறு வேலை செய்கின்றன. குழந்தை வாயில் முதலில் வரும் ப, ம ஒலிகளை வைத்து உலகத்து மொழிகள் பலவும் தாய் தந்தையருக்குப் பெயர் வைத்திருக்கின்றன. ஜார்ஜிய மொழியில் ‘மாமா’ என்றால் அப்பா. ஆகவே இதை உறவுக்குச் சான்றாக எடுக்க முடியாது. விண்ணப்பத்தில் இப்படி ஒரு தலைப்பு இருந்தால் உங்கள் மற்ற தகுதிகளை யாரும் படிக்கவே மாட்டார்கள். இதை நான் கண்டிப்பாகவே சொல்கிறேன்.

வணிகத்தோடு போன சொற்கள் வேறு விஷயம். 1 இராஜாக்கள் 10:22இல் சாலொமோனின் கப்பல்கள் கொண்டுவந்த ‘துக்கியீம்’ (மயில்கள் என்று பொருள் கொள்வார்கள்) என்பதைத் தமிழ்த் ‘தோகை’யோடு இணைப்பவர்கள் பலர், ஐயப்படுபவர்களும் உண்டு. அதைப் போன்ற கடன்சொல் ஆய்வுக்கு இடம் இருக்கிறது. அதற்கும் முதலில் இரண்டு பக்கத்து ஒலி வரலாறும் கைவசம் வேண்டும். முனைவர் பட்டம் முடித்த பிறகு செய்யுங்கள்.

இறையியல் பின்னணி இல்லாதது தடையே அல்ல. பல இடங்களில் இந்த மொழிகள் இறையியல் துறைக்குள் இருக்கும். வேறு சில இடங்களில் மேற்காசியவியல், மொழியியல் துறைகளில் இருக்கும். நீங்கள் மொழியியல் வழியாக வருவதால் இரண்டாவது வகை பொருந்தும். ஆனால் விவிலியத்தையும் தல்மூதையும் பற்றி அடிப்படை அறிவு இல்லாமல் பிரதிகள் பேசுவது பாதி புரியாது. நம்பிக்கை வேண்டும் என்று யாரும் கேட்கவில்லை. கவனமாகப் படித்திருக்க வேண்டும் என்று மட்டும் எதிர்பார்ப்பார்கள்.

சேரும் இடத்தைப் பல்கலைக்கழகத்தின் பேரை வைத்து முடிவு செய்யாதீர்கள். இந்தத் துறையில் பல இடங்களில் ஒரே ஒரு பேராசிரியர்தான் துறையே. அவர் ஓய்வு பெற்றால் அந்தப் பதவி நிரப்பப்படாமலே போகலாம். நடுவழியில் நெறியாளரை இழந்து தவித்த மாணவர்களை நான் அறிவேன். அதனால் விண்ணப்பிக்கும் முன்னால் நெறியாளருக்கு நேரடியாக எழுதிக் கேளுங்கள்: அடுத்த ஐந்தாறு வருடம் இருப்பீர்களா, இப்போது உங்களிடம் எத்தனை பேர் ஆய்வு செய்கிறார்கள், வாரம் ஒரு முறை சேர்ந்து பிரதி வாசிக்கும் வகுப்பு உண்டா. கேட்பது மரியாதைக் குறைவு ஆகாது. நல்ல நெறியாளர் இதை எதிர்பார்ப்பார். கடிதத்தோடு நீங்களே மூலத்திலிருந்து படித்து எழுதிய நாலு பக்கக் குறிப்பு ஒன்றை இணையுங்கள். எத்தனை மொழி தெரியும் என்ற பட்டியலைவிட அந்த நாலு பக்கம்தான் உங்களுக்காகப் பேசும். கடன் வாங்கி முனைவர் பட்டம் செய்ய வேண்டாம். உதவித்தொகையோடு வரும் இடம் கிடைக்காவிட்டால் ஒரு வருடம் காத்திருந்து மறுபடியும் விண்ணப்பியுங்கள்.

வேலை பற்றி உண்மையைச் சொல்லிவிடுகிறேன். நிரந்தர ஆசிரியப் பணியிடங்கள் உலகம் முழுவதும் மிகக் குறைவு. நன்றாகப் படித்தவர்களுக்கும் பல வருடம் தற்காலிகப் பணிதான் கிடைக்கிறது. சுவடி நூலகங்களில் பட்டியலிடும் வேலை, அகராதித் திட்டங்கள், பிரதிகளை மின்னாக்கம் செய்யும் திட்டங்கள், விவிலிய மொழிபெயர்ப்பு என்று வேறு வழிகளும் உண்டு. கணினியில் மொழித் தரவைக் கையாளத் தெரிந்தவர்களை அங்கே விரும்பி எடுக்கிறார்கள். மொழியியல் மாணவராக நீங்கள் அதை ஏற்கெனவே கொஞ்சம் தொட்டிருப்பீர்கள். விட்டுவிடாதீர்கள். இதையெல்லாம் வீட்டிலும் மறைக்காமல் சொல்லுங்கள். சம்பளம் பற்றிய அவர்களுடைய பயம் நியாயமானது.

‘செத்துப்போன மொழி’ என்பதை மட்டும் திருத்துங்கள். சிரியாவின் மாலூலாவிலும் அதன் பக்கத்திலும் மேற்கு அரமேயம் பேசுகிறவர்கள் இருக்கிறார்கள். துருக்கியின் தூர் அப்தீன் பகுதியிலிருந்து போய் சுவீடனின் சோடர்டால்யெவில் குடியேறியவர்கள் வீட்டில் தூரோயோ என்ற அரமேயம் பேசுகிறார்கள். ஈராக், ஈரான் பக்கத்துக் கிழக்குக் கிளைகளும் உண்டு. போரும் புலம்பெயர்வும் இந்தப் பேச்சுமொழிகளைக் கரைத்துக்கொண்டிருக்கின்றன. சிலவற்றைப் பதிவு செய்ய இன்னும் எத்தனை வருடம் கிடைக்கும் என்று தெரியாது. களப்பணியில் பயிற்சி பெற்ற மொழியியல் மாணவருக்கு இங்கே செய்ய வேண்டிய வேலை மலைபோலக் கிடக்கிறது. பிரதியைவிடப் பேசும் மனிதர்கள்தான் உங்களை இழுக்கிறார்கள் என்றால், அதுவும் அரமேய ஆய்வுதான். அப்போது நான் மேலே சொன்ன வரிசை எல்லாம் மாறும், தனியாக எழுதுகிறேன்.

வயது இருபதோ முப்பதோ, தொடங்கலாம். இப்போதைக்கு இதைச் செய்யுங்கள். எலிஃபன்டைன் மனுவோ, தானியேல் இரண்டாம் அதிகாரமோ, ஒரு சுரியானிப் பக்கமோ, உங்களுக்குப் பிடித்த ஒன்றை எடுங்கள். இலக்கணத்தில் முதல் பத்துப் பாடம் முடிந்ததும் அதன் முதல் பத்து வரியைக் கையால் எழுதி, ஒவ்வொரு வினைக்குக் கீழேயும் வேரைக் குறித்து எனக்கு அனுப்புங்கள். தப்பு இருந்தால் சிவப்பு மையில் திருத்தித் திருப்பி அனுப்புகிறேன். சுரியானி என்றால் தாலத்துக்குக் கீழேயும் ரேஷுக்கு மேலேயும் புள்ளி வைக்க மறக்காதீர்கள்.